கரடியிடம் கேட்ட கேள்வி

பூரணி அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தணிகைவேலுக்கு அறுபது.

மலைக்குப் போகும் சாலையில் தணிகைவேல் ஒரு மிருகக்காட்சித் தோட்டம் வைத்திருந்தார். மான்கள், மயில்கள், குரங்குகள், ஒரு கரடி. சுற்றுலா வேன்கள் அங்கே நிற்பதே கரடிக்காகத்தான். மணி அடித்தால் அது கம்பியோரம் வந்து இரண்டு காலில் எழுந்து நிற்கும். தலையை ஆட்டும். ஜனங்கள் கைதட்டிப் படம் எடுப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஆசிரமத்துக்கு வந்தபோது, அம்மா கீரைப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"ஊர் பாக்க வந்த ஒரு பொண்ணு கரடிக் கூண்டு முன்னாடி நின்னு, 'பாவம் பண்றீங்க சார்'னு என் முகத்துக்கு நேராவே சொல்லிட்டுப் போயிட்டா. மனசு ஆறல. நான் பண்றது பாவமா? தாயில்லாத குட்டியா வந்தது அது. அல்லின்னு பேர் வச்சு, புட்டிப்பால் குடுத்து வளத்தேன். காட்டுல இருந்தா பசி, கண்ணி, வேட்டைக்காரன். இங்க வேளாவேளைக்குச் சாப்பாடு. சந்தோஷமாத்தாம்மா இருக்கா."

"அல்லி சொன்னாளா?"

தணிகைவேல் சிரித்துவிட்டார். "கரடி எப்படிம்மா சொல்லும்?"

"நீங்க கேக்கல. அதான் சொல்லல."

"எப்படிக் கேக்குறது?"

"கூண்டுக்குப் பின்னால என்ன இருக்கு?"

"நம்ம நிலம்தான். மூணு ஏக்கர் புதர்க்காடு. நாவல் மரம், மூங்கில், நாலஞ்சு கரையான் புத்து. அதுக்கு அந்தாண்ட பாறை."

"அதைச் சுத்தி நல்லா வேலி போடுங்க. கூண்டுக்குப் பின்பக்கம் ஒரு வாசல் வைங்க. அதைச் சாத்தவே கூடாது. சாப்பாட்டை ரெண்டு பக்கமும் வைங்க. மணி மட்டும் வேண்டாம்."

"அவ்வளவுதானா? எழுதியே தர்றேன்மா, அவ முன்பக்கம்தான் இருப்பா. ஜனங்கன்னா அவளுக்கு உசிரு. காணும் பொங்கலுக்கு நீங்களே வந்து பாருங்க."

"வர்றேன்" என்றார் அம்மா.

தை பிறப்பதற்குள் வேலி முடிந்தது. வாசலைத் திறந்த அன்று அல்லி மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். 'இவ எங்க போகப்போறா' என்று தணிகைவேல் நிம்மதியாகப் பொங்கலுக்குத் தன் ஊருக்குப் போய்விட்டார்.

காணும் பொங்கலன்று அவர் திரும்பி வந்தபோது சாலை ஓரம் முழுக்க வேன்கள். கரும்பும் புளியோதரையுமாகக் கூட்டம் கூண்டைச் சுற்றி நெருக்கியது.

கூண்டு காலியாக இருந்தது.

தோட்டத்து மேனேஜர் ரெஜினா ஓடி வந்தாள். "நீங்க ஊருக்குப் போன மறுநாளே பின்னாடி போயிட்டா சார். திரும்பி வரவேயில்ல. நல்ல நாள் அதுவுமா போன் பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

"கரடி எங்கய்யா?" என்று ஒருவர் கத்தினார். "போர்டுல மட்டும் இம்மாம் பெருசா எழுதி வச்சிருக்கீங்க!" யாரோ கரும்புத் துண்டைப் புதருக்குள் வீசினார்கள்.

தணிகைவேல் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு வேலி ஓரமாக நடந்தார். சொன்னபடி வந்திருந்த அம்மாவும் பின்னால் நடந்தார்.

மூங்கிலுக்கு அப்பால் அல்லி இருந்தாள். ஒரு புற்றைப் பிளந்து, முகத்தைப் பாதிவரை உள்ளே விட்டு, கரையானை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் வேலிவரை கேட்டது. நகமெல்லாம் செம்மண். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு வேலையில் இப்படி மூழ்கி அவர் பார்த்ததில்லை.

"அல்லீ! அல்லிக்கண்ணு!"

அல்லி தலையைத் தூக்கிப் பார்த்தாள். பழத்தின் வாசனையைப் பிடித்தாள். பிறகு முதுகைக் காட்டித் திரும்பி, மறுபடி முகத்தைப் புற்றுக்குள் விட்டாள்.

அவருக்குக் கண் கலங்கியது. "என் மடியில தூங்குனவம்மா இவ."

அதற்குள் ரெஜினா மணியோடு வந்துவிட்டாள். "சார், ஒரே ஒரு தடவை அடிங்க. வந்துடுவா. அங்க கூட்டத்தைச் சமாளிக்க முடியல."

தணிகைவேல் மணியை வாங்கினார்.

"அடிச்சா வருவாளா?" என்று அம்மா கேட்டார்.

"கட்டாயம் வருவா."

"வளத்தவர் கூப்பிட்டே வரல. மணிக்கு எப்படி வருவா?"

"சர்க்கஸ்ல இருந்த ஒருத்தனை வச்சுப் பழக்குனதும்மா."

"எப்படிப் பழக்குனான்?"

"மூக்குல கயிறு போட்டு, குச்சியால..." என்று தொடங்கிய தணிகைவேல் பாதியில் நிறுத்தினார். செம்மண் படிந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மணியின் நாக்கை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படியே ரெஜினாவிடம் நீட்டினார்.

"கொண்டு போயிடும்மா. சத்தம் வராம கொண்டு போ."

கூட்டத்துக்கு முன்னால் போய் ஒரு ஸ்டூலில் ஏறி நின்றார்.

"கரடி இன்னிக்கு வராது. நாளைக்கும் வராம இருக்கலாம். அதுக்கா தோணுனா வரும். இனிமே இங்க அப்படித்தான்."

கூச்சல் போட்டார்கள். "அப்புறம் எதுக்குய்யா தோட்டம்?" என்றார்கள். வேன்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கடைசி வேன் போகும்வரை அவர் தலை குனியாமல் அங்கேயே நின்றார். பிறகு ஏணி போட்டு ஏறி, 'ஆடும் கரடி' போர்டைத் தன் கையாலேயே கழற்றினார்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஆசிரமத்துக்கு வந்தார்.

"பாதிக் கூட்டம் வர்றதில்லம்மா. குரங்குகளை வனத்துறைகிட்ட ஒப்படைச்சிட்டேன். மான்களுக்கு எடத்தைப் பெருசாக்கியாச்சு."

"வர்றவங்க என்ன பண்றாங்க?"

"வேலியோரம் உக்காந்து காத்திருக்காங்க. ஒருத்தரும் கம்பியத் தட்டுறதில்ல. சாயங்காலம் சில நாள் அல்லி வெளிய வருவா. அப்ப எல்லாரும் குசுகுசுன்னுதான் பேசுறாங்க."

"நல்லதுதானே. அப்புறம் ஏன் முகம் வாடியிருக்கு?"

"நேத்து நாவல் மரத்தடியில பழம் பொறுக்கித் தின்னுட்டிருந்தா. ரொம்பக் கிட்டத்துல. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். இந்தத் தடவை திரும்பிக்கூடப் பாக்கலம்மா. காதுகூட அசையல. என்னை மறந்துட்டாளா?"

"ஆமா" என்றார் அம்மா. "மறக்குற அளவுக்கு இப்பதான் அவளுக்கு ஒரு இடம் குடுத்திருக்கீங்க."