ஐந்து பேர் பார்த்த ஒரே வேலை

காக்கையூத்து என்று ஓர் ஊர். அந்த ஊர்க்காரர்களுக்கு மழைக்கு ஒதுங்குகிற அளவுக்காவது அறிவு உண்டு என்று வெளியூரில் சொல்வார்கள். உள்ளூரில் விசாரித்தால் அதுவும் சந்தேகம்தான் என்பார்கள். அப்பேர்ப்பட்ட ஊரிலேயே முட்டாள் என்று பேர் வாங்க வேண்டுமானால் அதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை ஐந்து பேருக்கு இருந்தது.

மூத்தவன் பலவேசம். தாடையைத் தடவிக்கொண்டே பேசுவான் என்பதால் யோசிக்கிற பொறுப்பை அவனிடம் விட்டிருந்தார்கள். தளவாய் எதற்கும் சந்தேகம் கேட்பான். சங்கிலிக்கு எப்போதும் பசி. கொம்பையா, யார் எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதான்" என்பான். ஐந்தாமவன் ஆவுடையப்பன். இந்தக் கதை அவனுடையது. மற்ற நாலு பேரும் புத்திசாலிகள் என்று அவன் மனதார நம்பினான். அதற்கு மேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஒன்று இருக்கிறது. அவன் தன் மாமன் மகள் உலகம்மை மேல் உயிரையே வைத்திருந்தான். அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கும் விளங்கவில்லை. மாமா சொக்கலிங்கம் மட்டும் ஒரே பிடியாக நின்றார்.

"நிலையா ஒரு வேலையில சேந்துட்டு வா மாப்ளே. அப்புறம் பேசுவோம்" என்றார்.

வேலை பார்த்தே அறியாதவர்கள் என்று ஐவரையும் சொல்லிவிட முடியாது. ஐந்து மாதம் ஒரு தென்னந்தோப்பில் காவல் இருந்தார்கள். "தரையை விட்டுக் கண்ணை எடுக்கப்படாது. தேங்காய் விழுந்தா உடனே எடுத்து வச்சிரணும்" என்று தோப்புக்காரர் சொல்லியிருந்தார். அவர்களும் கண்ணை எடுக்கவில்லை. ஐந்து பேரும் ஐந்து மாதமும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திருடர்கள் குலை குலையாக வெட்டிக் கயிற்றில் கட்டி, ஒரு காய்கூடக் கீழே விழாமல் பதனமாக இறக்கிக்கொண்டு போனார்கள். கணக்குக் கேட்ட தோப்புக்காரரிடம், "ஒண்ணுகூட விழல அண்ணாச்சி" என்று பலவேசம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். அன்றோடு அந்த வேலை போயிற்று.

இப்படி இருக்கும்போது பக்கத்து டவுனில் ஓர் அப்பளக் கம்பெனி வாசலில் அட்டை தொங்கியது. 'காவலாளி தேவை. இரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர் மட்டும் வரவும்.' ஆவுடையப்பன் அதைப் படித்துவிட்டு அழாத குறையாக ஊருக்கு வந்தான். ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"நமக்கு அஞ்சு மாசந்தானே அனுபவம்" என்றான் ஆவுடையப்பன்.

பலவேசம் தாடையைத் தடவினான். "உனக்கு அஞ்சு. எனக்கு அஞ்சு. அஞ்சஞ்சு இருபத்தஞ்சு மாசம். ரெண்டு வருசத்துக்கு மேலயே இருக்குலே!"

"எல்லாம் ஒரே அஞ்சு மாசமில்லா?" என்று தளவாய் கேட்டான்.

"ஒரே அஞ்சு மாசமா? நான் கிணத்துப் பக்கம் நின்னேன். நீ வேலிப் பக்கம் நின்னே. நான் பாத்த தரை வேற, நீ பாத்த தரை வேற."

"அதுவும் சரிதான்" என்றான் கொம்பையா.

"நான் பாதி நாள் தூங்கிட்டேனே" என்றான் சங்கிலி.

"தூங்குனாலும் உன் தூக்கத்தை நீதானே தூங்கினே? அது தனிக் கணக்கு."

ஆகவே ஐவரும் ஒரே ஆளாக வேலைக்குப் போவது என்று முடிவாயிற்று. பிறகுதான் ஒரு பெரிய சிக்கலைத் தளவாய் கண்டுபிடித்தான். இரண்டு வருடத்துக்கு இருபத்துநான்கு மாதம். கையில் இருப்பதோ இருபத்தைந்து. ஒரு மாதம் கூடுதலாக வைத்துக்கொண்டு போனால் முதலாளியை ஏமாற்றினது ஆகாதா? யோக்கியர்கள் அல்லவா, வெகுநேரம் கவலைப்பட்டார்கள். கடைசியில் ஆளுக்கு ஆறு நாள் அனுபவத்தை மறந்துவிடுவது என்று ஒப்புக்கொண்டார்கள். தீபாவளி வாரத்தை மறந்தார்கள். சங்கிலிக்கு மட்டும் அந்த வாரம் தின்ற அதிரசத்தை மறக்க மூன்று நாள் பிடித்தது.

அப்பளக் கம்பெனி முதலாளி வைரமணி, தன்னை மிஞ்சிய கெட்டிக்காரன் ஜில்லாவிலேயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர். வாசலில் ஐந்து பேர் வரிசையாக நின்று ஒரே குரலில் "வணக்கம் மொதலாளி, நான் ஆவுடையப்பன்" என்றதும் முதலில் பயந்துபோனார். விவரம் கேட்டார். ஒரு வேலை, ஒரு பெயர், ஒரே ஒரு சம்பளம், ஆள் மட்டும் ஐந்து என்று தெரிந்தது. வந்த சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு பதிவேட்டில் 'ஆவுடையப்பன்' என்று ஒரே பெயரை எழுதினார். உலகத்தில் முட்டாளை விட மலிவாகக் கிடைக்கிற பண்டம் வேறில்லை என்று அவருக்குத் தெரியும். மலிவாக வாங்கியது எப்படி உழைக்கும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஓர் ஆளுக்கு ஒரு காக்கி உடுப்புத்தானே கொடுப்பார்கள்? பங்கு போட்டுக்கொண்டார்கள். தொப்பி பலவேசத்துக்கு. பேர் குத்திய சட்டை ஆவுடையப்பனுக்கு. கால்சட்டை தளவாய்க்கு. விசில் சங்கிலிக்கு, ஊதிக்கொண்டிருந்தால் பசி தெரியாது என்று. கம்பு கொம்பையாவுக்கு. கேட்டில் ஐவரும் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு காவலாளியைப் பிரித்து வெயிலில் காயப்போட்டது போல இருந்தது.

"சீட்டு இல்லாம ஒரு ஆளை உள்ள விடப்படாது. சீட்டுல என் கையெழுத்து இருக்கணும். யாரா இருந்தாலுஞ் சரி" என்பது முதலாளியின் உத்தரவு.

இரண்டாம் நாள் முதலாளி காரில் வந்தார். சங்கிலி விசில் ஊதினான். கொம்பையா கம்பைக் குறுக்கே நீட்டினான்.

"சீட்டு?" என்றான் ஆவுடையப்பன்.

"ஏலே, நான்தாம்லே மொதலாளி!"

"தெரியும் மொதலாளி. யாரா இருந்தாலும்னு நீங்கதானே சொன்னீக."

"சீட்டுக் கட்டு உள்ள என் மேசையில இருக்குலே!"

"அப்போ உள்ள போயி, கையெழுத்துப் போட்டு, எடுத்துட்டு வாங்க" என்றான் பலவேசம்.

"உள்ள விடுலே!"

"சீட்டு?"

பத்து மணி வெயிலில் முக்கால் மணி நேரம் நின்றார் அந்தக் கெட்டிக்காரர். கடைசியில் பின்பக்கம் போய்ச் சுவர் ஏறிக் குதித்தார். அப்பளம் காயப்போட்டிருந்த பாயில் போய் விழுந்தார். மூச்சு வாங்க வந்து கத்தியபோது ஐவரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். "சுவர் ஏறி வாரவங்களைப் பத்தி நீங்க ஒண்ணுஞ் சொல்லலையே மொதலாளி" என்றான் பலவேசம். அப்போதே ஐவரையும் விரட்டியிருக்க வேண்டும். ஆனால் ஒரு சம்பளத்துக்கு ஐந்து பேர் என்ற கணக்கை அவரால் விட முடியவில்லை. இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டு, மறுநாளிலிருந்து ஒரு சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

சொந்த முதலாளியையே உள்ளே விடாத காவல்காரன் என்று டவுனெல்லாம் பேச்சாயிற்று. அது மாமா சொக்கலிங்கத்தின் காதுக்கும் எட்டியது. கேலிப் பேச்சைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொள்கிற ரகம் அவர். உடனே முகூர்த்தம் குறித்து மண்டபமும் பிடித்துவிட்டார். ஆனாலும் தோப்பு வேலை போன கதை அவர் மனதை அரித்தது.

"இங்க பாரும் மாப்ளே" என்றார். "தாலி கட்டி முடியுத மட்டும் ஒரு நாள், ஒரு பொழுது நீரு வேலைக்கு மட்டம் போட்டீருன்னு தெரிஞ்சுது, கல்யாணத்தை அந்த எடத்துலயே நிப்பாட்டிருவேன். ஆமா!"

ஆவுடையப்பன் உலகம்மை மேல் ஆணையிட்டு ஒப்புக்கொண்டான். அன்றிலிருந்து காய்ச்சல் வந்தால்கூடக் கேட்டிலேயே படுத்தான். கல்யாணத்துக்கு முதல் நாள் முதலாளி கூப்பிட்டு, பெரிய மனது பண்ணி, 'ஆவுடையப்பனுக்கு நாளை ஒருநாள் விடுப்பு, கல்யாணம்' என்று கேட்டில் இருக்கும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஆவுடையப்பனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுபடியும் வட்டமாக உட்கார்ந்தார்கள்.

"மொதலாளி லீவு போடச் சொல்லுதாரு. மாமா போடக்கூடாதுங்காரு. நான் என்னலே செய்யட்டும்?"

"ரெண்டு பெரியவங்க பேச்சையும் கேக்கணும்" என்றான் பலவேசம். "ஆவுடையப்பன்ங்கது நாம அஞ்சு பேருமில்லா? நாலு பங்கு லீவு எடுத்துக்கிடுதோம். ஒரு பங்கு வேலைக்கு நிக்கட்டும்."

"எந்தப் பங்கு?"

"மாமா யார்ட்ட சொன்னாரோ அந்தப் பங்கு."

"அப்போ தாலியை யாரு கட்டுதது?" என்றான் தளவாய்.

"தாலி கட்ட இவன் போனா மட்டம் போட்டதா ஆயிரும். மட்டம் போட்டா மாமா கல்யாணத்தை நிப்பாட்டிருவாரு. கல்யாணம் நடக்கணும்னா இவன் போகவே கூடாதுலே!"

"அதுவும் சரிதான்" என்றான் கொம்பையா. ஆவுடையப்பனுக்கும் அது சரியாகவே பட்டது. அதுதான் கொடுமை.

கல்யாணத்தன்று நால்வரும் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார்கள். கேட்டில் ஆவுடையப்பன் தனியாக நின்றான். தொப்பி, சட்டை, கால்சட்டை, விசில், கம்பு எல்லாவற்றையும் அன்றைக்குத்தான் அவன் முழுதாகப் போட்டுப் பார்த்தான். அவனுக்கே அவனைப் பிடித்துப்போயிற்று. இந்தக் கோலத்தில் உலகம்மை தன்னைப் பார்க்கவில்லையே என்று ஏங்கினான்.

பத்து மணிக்கு ஓர் ஆட்டோ வந்து நின்றது. கூரைப்புடவையும் கழுத்தில் மாலையும் கையில் மாப்பிள்ளை மாலையுமாக உலகம்மை இறங்கினாள். முகூர்த்தம் முடிய அரை மணிதான் இருந்தது.

ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவனுக்கு. ஆனால் காவலில் அல்லவா நிற்கிறான்? தொண்டையைச் செருமிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தான்.

"யாரைப் பாக்கணும்மா?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "என்னைக் கட்டிக்கிடப் போறவரை."

"பேரு?"

"இன்னும் தாலி ஏறல, அதனால வாய்விட்டே சொல்லுதேன். ஆவுடையப்பன்."

அவன் விரலால் வரி வரியாகத் தடவிப் பார்த்தான். "அவரு இன்னைக்கு லீவும்மா. மொதலாளி கையெழுத்தே இருக்கு. கல்யாணத்துக்குப் போயிருக்காரு."

"யாரு கல்யாணத்துக்கு?"

"அவரு கல்யாணத்துக்குத்தான்."

"அப்போ நீரு யாரு?"

"நான் அதுல மிச்சம்."

உலகம்மை கேட்டுக்கு இன்னும் நெருங்கி வந்தாள். "அத்தான்" என்றாள் மெதுவாக. "மணையில நாலு தடியனுங்க நெருக்கியடிச்சு உக்காந்துக்கிட்டு, நான்தான் ஆவுடையப்பன்ங்கானுவ. அப்பா செருப்பைத் தேடிக்கிட்டிருக்காரு. இப்பவாவது என்கூட வாரியளா, இல்லையா?"

அவன் கண் கலங்கிவிட்டது. "எப்படி உலகு வருவேன்? வந்தா கல்யாணம் நின்னுபோயிருமே!"

அவள் பார்த்த பார்வையில் அப்பளம் பொரிந்திருக்கும். அவனைப் பிடித்துப்போனதற்கு என்ன காரணமோ, அது அந்த இடத்திலேயே தீர்ந்துபோயிற்று. கையிலிருந்த மாலையைக் கேட்டுக் கம்பியில் மாட்டினாள். "அந்த ஆவுடையப்பன் வந்தாருன்னா, உலகம்மை இனி இந்தப் பக்கமே வரமாட்டான்னு சொல்லிரும்."

அவன் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கினான். "போற நேரத்தையும் போட்டிரும்மா" என்றான். போட்டாள். வீட்டுக்குப் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட்டாள் என்று கேள்வி.

சாயங்காலம் நால்வரும் வந்து சேர்ந்தார்கள். பலவேசத்தின் முதுகில் செருப்புத் தடம் இருந்தது. சங்கிலி ஏப்பம் விட்டுக்கொண்டு, "அவியல் பிரமாதம்" என்றான்.

"கல்யாணம் நடந்துச்சாலே?" என்று ஆவுடையப்பன் பதறினான்.

"எங்களால ஒரு குறையும் இல்ல. நாலு பேரும் மணையில உக்காந்துட்டோம். பொண்ணுதான் எங்கேயோ போயிட்டா" என்றான் பலவேசம்.

"இங்கதான் வந்தா. சீட்டு இல்ல. உள்ள விடல."

நால்வருக்கும் புல்லரித்துவிட்டது. "கட்டிக்கிடப் போறவளையே விடலையா! நீ இந்தத் தொழில்ல எங்கேயோ போயிருவலே" என்று தட்டிக்கொடுத்தார்கள்.

"அது கெடக்கட்டும். எனக்குக் கல்யாணம் ஆச்சா, ஆகலையா?"

பலவேசம் தாடையைத் தடவினான். "அஞ்சுல நாலு பங்கு ஆயிருச்சு. உன் பங்கு ஒண்ணுதான் பாக்கி. நாளைக்கு நாங்க காவலுக்கு நிக்கோம். நீ அந்த மாலையைப் போட்டுக்கிட்டுப் போயி, மணையில உக்காந்து முடிச்சிட்டு வந்துரு."

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் வாடிய மாலையோடு மண்டபத்துக்குப் போனான். வாழைமரம் கட்டியிருந்தது, நாகஸ்வரம் வாசித்தது, மணையும் காலியாக இருந்தது. போய் உட்கார்ந்தான். அன்றைக்கு அங்கே யாரோ ஒருவருடைய பேரனுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் தூக்கிக்கொண்டு வருவதற்குள் ஆசாரி வந்துவிட்டார். மணையில் மாலையோடு இருப்பவருக்குக் குத்துவது அவர் தொழில். ஆள் கொஞ்சம் வளர்ந்திருக்கிறாரே என்று மட்டும் நினைத்துக்கொண்டு வேலையைச் சுத்தமாக முடித்தார்.

இரண்டு காதிலும் ரத்தம் சொட்ட, முகமெல்லாம் சந்தோஷமாக அவன் கேட்டுக்கு வந்து சேர்ந்தான். நால்வரும் சுற்றி நின்று இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"வலிச்சுதாலே?" என்றான் தளவாய்.

"வலிக்காம? உயிரே போயிட்டு!"

பலவேசம் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "கல்யாணம் முடிச்சவன் எல்லாரும் இதைத்தாம்லே சொல்லுதான்."