கை வைக்கக் கூடாத குமிழ்

துறைமுக மேடையின் தூண்களுக்கு அடியில் தண்ணீருக்குள் முங்கி வேலை செய்பவர்களைக் கயிறு கட்டி இறக்க முடியாது, சிக்கிக்கொள்ளும். அவர்களோடு ஒலியால் பேச மெர்சிலின் கற்றுக்கொடுத்தாள். ஒலிப்பெட்டியைத் தண்ணீரில் இறக்கி மூன்று பீப் கொடுத்தால் 'மேலே வா' என்று பொருள். கேட்டவர் தூணில் இரண்டு முறை தட்டுவார். பீப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்பதைத் திருகி மாற்றப் பெட்டியில் ஒரு குமிழ் உண்டு.

அவளிடம் படித்த பெலவேந்திரன் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். முங்கவும் தெரிந்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். அப்படிப்பட்ட மாணவரை எந்த ஆசிரியருக்குத்தான் பிடிக்காது.

அன்று காலை குமிழை அவளே திருகி வைத்தாள். அதில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குள் போனாள். கீழே அவள் தம்பி ரொமால்டு தூணில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

மதியம் சொல்லாமல் கொள்ளாமல் சரக்கு ஏற்றும் ஓர் இரும்பு பார்ஜ் மேடையை ஒட்டி வந்தது. பெலவேந்திரன் மூன்று பீப் கொடுத்தார். பதில் இல்லை. சத்தத்தைக் கூட்டிக் கூட்டி நாற்பது தடவை கொடுத்தார். பார்ஜுக்கும் தூணுக்கும் நடுவில் ரொமால்டின் வலது கை நசுங்கியது. ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டார்கள்.

நான்காம் நாள் பெலவேந்திரன் வந்து நின்றார். பெட்டியில் பழுதில்லை, தம்பிதான் கவனிக்காமல் இருந்திருப்பான் என்றார்.

"இல்லன்னா அவனுக்கு ஏன் கேக்கல மேடம்?"

அவரை அறையலாமா என்றிருந்தது மெர்சிலினுக்கு. அறையவில்லை. பார்ஜ் இன்னும் அங்கேதான் கட்டியிருந்தது. அதே தூணுக்கு அவரை இறங்கச் சொன்னாள். குமிழை அசைக்காமல் மூன்று பீப் கொடுத்தாள். பிறகு சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தாள்.

மேலே வந்தவர் எண்ண முடியவில்லை என்றார். பார்ஜிலும் துறைமுகச் சுவரிலும் பட்டுத் திரும்பிய ஒலி ஒன்றின் மேல் ஒன்று ஏறி வெறும் இரைச்சலாகிவிட்டதாம். சத்தம் கூடக்கூட இரைச்சலும் கூடியதாம்.

மறுபடி இறங்கச் சொன்னாள். இந்தத் தடவை குமிழைத் திருகி இடைவெளியைக் கூட்டினாள். ஒரு பீப்பின் எதிரொலி அடங்கிய பிறகே அடுத்தது போனது. மூன்றாவது முடிந்ததும் தூணில் இரண்டு தட்டு கேட்டது.

ஈரம் சொட்டச் சொட்ட அவர் மேலே ஏறி வந்தார். பிறகு கேட்டார், கொஞ்சம் கோபமாகவே.

"அன்னிக்கே குமிழைத் திருக நான் கையைக் கொண்டுபோனேன் மேடம். நீங்கதானே தொடக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"ஆமாண்ணே," என்றாள் மெர்சிலின். "சொன்னப்ப பார்ஜ் வரல."