ஓரத்தில் இருந்த சுருள்

ரொம்ப காலத்துக்கு முன்னால் செங்கானூர்ச் சீமையைக் கஜகேசரி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். சிரித்தால் முத்துமாலை கொடுப்பான். முகம் சுளித்தால் தலையை எடுப்பான். எப்போது எது வரும் என்று அவனுக்கே தெரியாது!

அவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் பொறுப்பு சௌந்தரநாயகிக்கு. பாளையக்காரர் வீட்டுப் பெண். ராஜாவின் பக்கத்திலேயே நிற்கும் வேலை என்பதால், தளவாய் நரசப்பனுக்கு வயிற்றெரிச்சல். அந்த இடத்தில் தன் மகள் நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை.

ஒருநாள் சபையில் ராஜா தாம்பூலத் தட்டைத் தள்ளினான்.

"இதில் விஷம் வைத்திருக்கிறாயாமே? தளவாய் சொல்கிறார். எங்கே, நீயே தின்று காட்டு!"

சௌந்தரநாயகி குனிந்து தட்டைப் பார்த்தாள். ஓரத்தில் இருந்த சுருள் அவள் மடித்ததே அல்ல. கிராம்பைத் தலைகீழாகக் குத்தியிருந்தது. தின்றால் சாவு, மறுத்தால் கழுமரம்.

நடுவில் இருந்த சுருளை எடுத்து மென்றாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்றையும் மென்றாள். நரசப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, ஏமாற்றுகிறாள்! ஓரத்தில் இருப்பதைத் தின்னச் சொல்லுங்கள்!"

"தின்கிறேன், தளவாய் அவர்களே. அதில்தான் விஷம் என்று எப்படித் தெரியும்?"

"நீ வைத்து மடித்ததை என் கண்ணால் பார்த்தேனே!"

அவள் ராஜாவின் பக்கம் திரும்பினாள்.

"பிரபு, நான் வெற்றிலை மடிப்பது அந்தப்புரத்தில், மகாராணியின் எதிரில். தங்களைத் தவிர வேறு ஆண் அங்கே எட்டிப் பார்த்தாலே தலை போகும். தளவாய் எங்கிருந்து பார்த்தாராம்?"

நரசப்பனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"ஐயையோ, அந்தப்புரத்துப் பக்கமே நான் போனதில்லை!"

"போகாதவர் எப்படிப் பார்த்தார், பிரபு? பார்க்காதவருக்கு இந்தச் சுருள் மட்டும் எப்படித் தெரிந்தது?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டும் எல்லோருக்கும் உடம்பு உதறியது.

"நரசப்பா, பார்த்தாய் என்றால் தலையைக் கொடு. பார்க்கவில்லை என்றால் இந்தச் சுருளைத் தின்னு!"

நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எல்லாவற்றையும் கக்கினான் தளவாய். தட்டு சபைக்கு வந்து சேருமுன், அதை மூடியிருந்த பட்டுத்துணிக்கு அடியில் அவனே செருகிய சுருள் அது. அவன் தலைப்பாகையைக் கழற்றி அவள் காலடியில் வைக்கச் சொல்லி, வெறுந்தலையோடு எல்லை கடத்தினான் ராஜா.

"அம்மணி, உன் புத்திக்கு என்ன வேண்டும்? கேள்!"

"என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள், பிரபு."

"இவ்வளவு கெட்டிக்காரியை அனுப்புவேனா?" என்று தன் முத்துமாலையையே அவள் கழுத்தில் போட்டான் கஜகேசரி. பிறகு தட்டை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான்.

"இனிமேல் தினமும் முதல் சுருள் உனக்குத்தான்."