பதினோரு அடிக்கல்

வீரணாவயல் சட்டமன்றத் தொகுதியில் வாக்குச்சாவடிகள் மொத்தம் இருநூற்றுப் பதினேழு. கடைசிச் சாவடி கொக்கனேந்தல். வீடு முப்பத்தொன்று, ஓட்டு அறுபத்தெட்டு, ஓடை ஒன்று, பாலம் இல்லை. இந்தக் கணக்கையெல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்திருந்தவர் வயிரவன். ஐந்தாம் வகுப்புவரை படித்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். அதனால் ஊர் எதைச் செய்தாலும் அவரைக் கேட்டுத்தான் செய்யும். ஊருக்கு நேர்ந்ததற்கெல்லாம் காரணம் அதுதான் என்று அக்கரைக்காரர்கள் சொல்வார்கள்.

வயிரவன் தன் ஒரே மகள் பூமயிலை அக்கரையில் சோலைமலைக்குக் கட்டிக்கொடுத்தார். வைகாசியில் கல்யாணம். ஐப்பசியில் தலைதீபாவளி. ஐப்பசி என்றால் ஓடையில் வெள்ளம். மாப்பிள்ளை புது வேட்டியோடு அக்கரையில் நின்றார். மாமனார் எண்ணெய்க் கிண்ணத்தோடு இக்கரையில் நின்றார்.

“மாமா, எப்படி வர்றது?”

“அடுத்த வருஷம் வாங்க மாப்பிள்ளை!”

“தலைதீபாவளி முடியாம உங்க வீட்டுல கை நனைக்க மாட்டேன். பார்த்துக்கங்க!”

விருந்துக்கு வளர்த்த கிடாயை ஊர்க்காரர்கள் மிகுந்த வருத்தத்தோடு தின்றார்கள். வயிரவன் நோட்டைத் திறந்து, ‘தலைதீபாவளி, பாக்கி’ என்று எழுதினார்.

அடுத்த கோடையில் தேர்தல் வந்தது. வேட்பாளர் ஒருவர் வந்து ஓடையைப் பார்த்தார். “ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, இதுக்கு எதுக்குய்யா பாலம்?” என்றார். அறுபத்தெட்டு ஓட்டு என்று யாரோ காதில் சொன்னதும் மனம் மாறினார். தன் பெயர் தூரத்திலிருந்தே தெரியவேண்டும் என்று இக்கரையோரம் நெஞ்சுயரத்துக்கு மேடை கட்டச்சொல்லி, அதன்மேல் அடிக்கல் வைத்தார்.

“கல் வெச்சாச்சு. இனிமே பாலம் வந்துட்டதாவே நினைச்சுக்கங்க!” என்று சொல்லிவிட்டுப் போய் ஜெயித்தார்.

ஊரும் அப்படியே நினைத்துக்கொண்டது. ஐப்பசியில் மாப்பிள்ளையை அழைத்துவர வயிரவன், ஊர்த்தலைவர் முத்திருள், பந்தலுக்குப் பந்தல் சமையல் செய்யும் அங்கம்மாள், இன்னும் மூன்று பேர், ஆக ஆறு பேர் கிளம்பினார்கள். வரிசையாகக் கல்மேல் ஏறினார்கள். பாலத்தில் நடப்பதுபோல அடுத்த அடியை எடுத்து வைத்தார்கள். அரை மைலுக்கு அப்பால், ஒரு கருவேல மரத்தில் ஆறு பேரும் மாட்டிக்கிடந்தார்கள். வயிரவன் இரண்டு தடவை எண்ணி, கணக்குச் சரி என்றார்.

அன்றே ஊர்க்கூட்டம் கூடியது.

“எம்.எல்.ஏ. சொன்னது தப்பா இருக்காது,” என்றார் முத்திருள். “நம்மள்ல எவரோ ஒருத்தர்தான் சரியா நினைக்கல. யாரு அது?”

ஆளாளுக்கு அடுத்தவரைப் பார்த்தார்கள். கடைசியில் அங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“நான்தாண்ணே. நடுவுல ஒரு நிமிசம் தண்ணியை நினைச்சுட்டேன்.”

“ஒரு நிமிசமா? ஆறு பேரு நடக்கிற பாலம் ஆத்தா அது!”

அங்கம்மாளுக்கு ஒரு தேங்காய் அபராதம் போட்டார்கள்.

அடுத்த தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர் வந்தார். பழைய கல்லைக் கண்டதும் அவருக்கு முகம் சிவந்தது. “இவரைவிட நான் ஒரு எட்டு முன்னால போய்க் காட்டுறேன், பாருங்க!” என்று மைக்கில் முழங்கினார். வயிரவன் கூச்சத்தோடு எழுந்து போனார். பழைய கல்லை ஒட்டிக் காலை வைத்து ஒரு எட்டு எடுத்துப்போட்டு, மணலில் கோடு கிழித்தார்.

“ஒரு எட்டு இங்கதானுங்க வருது.”

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கட்சிக்காரரால் மறுக்க முடியவில்லை. ஓடைக்குள்ளேயே இரண்டாவது கல்லை வைத்தார். அவருடைய மேடையும் நெஞ்சுயரம், கூட ஒரு விரல்.

அந்தத் தீபாவளிக்கு வயிரவன் இரண்டாவது கல்லில் நின்று, “அடுத்த வருஷம் வாங்க மாப்பிள்ளை!” என்று கத்தினார்.

“இந்த வருஷம் உங்க குரல் கொஞ்சம் நல்லாக் கேக்குது மாமா!”

வயிரவனுக்குச் சட்டென்று ஏதோ விளங்கியது. வெள்ளம் வடிந்ததும் ஓடையை எட்டுப்போட்டு அளந்தார். கரைக்குக் கரை பதினோரு எட்டு. கல் இரண்டு. பாக்கி ஒன்பது.

“தேர்தலுக்கு ஒரு கல். ஒன்பது கல்லுக்கு நாப்பத்தஞ்சு வருஷம்,” என்று கூட்டத்தில் அறிவித்தார்.

“மாப்பிள்ளை தாங்குவாரா?” என்றார் முத்திருள்.

“நடுவுல இடைத்தேர்தல் வந்தாத் தாங்குவாரு.”

ஊர்கூடி அய்யனாரிடம் போய், இடைத்தேர்தல் வந்தால் பொங்கல் வைப்பதாக நேர்ந்துகொண்டார்கள். அய்யனார் மூன்று கொடுத்தார்.

முதலாவது, ஒரு எம்.எல்.ஏ. காலமானார். ஊரே குலுங்கி அழுதது. அழுது முடித்துக் கைகால் கழுவிவிட்டுப் பொங்கல் வைத்தார்கள். இரண்டாவது, ஒருவர் ஜெயித்தது செல்லாது என்று கோர்ட்டு சொன்னது. மூன்றாவது, ஒருவர் பதவியை விட்டுவிட்டுக் கட்சி மாறி, அதே தொகுதியில் மறுபடி நின்றார். “போன தடவை இருந்தவர் உங்களுக்கு என்ன செஞ்சார்? அவரைவிட நான் ஒரு எட்டு முன்னால போறேன்!” என்றார். போன தடவை இருந்தவரும் அவரேதான். வயிரவன் அதை நோட்டில் குறித்துக்கொண்டாரே தவிர வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் கல்தான் முக்கியம்.

ஒன்பதாவது கல் முடிந்த சமயம், எப்படியோ வழி தவறியதுபோல ஒரு இன்ஜினியர் வந்தார். நிஜமாகவே பாலம் கட்ட உத்தரவு வந்திருப்பதாகவும், இந்தக் கற்களை முதலில் அகற்றவேண்டும் என்றும் சொன்னார்.

“பாலம் கட்டுறதுக்காகப் பாலத்தை இடிக்கச் சொல்றீங்களா?” என்றார் முத்திருள்.

“படிச்சவரு மாதிரி இருக்காரு, பாவம்,” என்று சொல்லி அங்கம்மாள் மோர் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

ஆக, எட்டுப் பொதுத்தேர்தல், மூன்று இடைத்தேர்தல், பதினோரு கல். வயிரவன் நோட்டில் கூட்டிப் பார்த்து அடியில் கோடு போட்டார். தவறிய தீபாவளி முப்பத்தாறு. மறுநாளே முத்திருளும் அவரும் தாலுகா ஆபீசுக்குப் போய், பாலம் முடிந்துவிட்டதாகத் தெரிவித்தார்கள்.

கிளார்க் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. “திறப்புவிழா ஆகாம யாரும் பாலத்தைத் தாண்டக் கூடாது. ரிப்பன் கட்டுங்க. சிறப்பு விருந்தினர் அறுக்கணும்.”

“சிறப்பு விருந்தினர்னா யாருங்க?”

“ரிப்பனை யார் அறுக்கிறாரோ அவர்தான்யா சிறப்பு விருந்தினர். அவருக்கு மாலை, பொன்னாடை, நாற்காலி. போங்க, போங்க.”

வயிரவன் அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார். இக்கரையில் முதல் கல்லுக்கு முன்னால், இடுப்புயரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். ஆவணி போனது, புரட்டாசி போனது. அறுக்க ஒருவரும் வரவில்லை. தீபாவளி வந்துவிட்டது.

அன்று காலை சோலைமலை, தலை நரைத்தவராக, பூமயிலும் பேரப்பிள்ளைகளும் பின்னால் வர, அக்கரையிலிருந்து கல் கல்லாகத் தாண்டி வந்தார். பத்துக் கல் கடந்து முதல் கல்லில் ஏறினார். எதிரே கீழே ரிப்பன். அதற்கு இந்தப் பக்கம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வயிரவன். விருந்துக்கு வளர்த்த கருப்புக் கிடாயைக் கயிற்றில் பிடித்தபடி அங்கம்மாள்.

“தொடாதீங்க மாப்பிள்ளை! இன்னும் திறக்கல!”

“இறங்கிக் குனிஞ்சு வந்துரவா மாமா?”

ஊர் திடுக்கிட்டது. “தலைதீபாவளிக்கு வர்ற மாப்பிள்ளை மாமனார் ஊர்ல தலை குனியறதா?” என்றார் முத்திருள். “நாளைக்கு அக்கரையில எவன் நம்மளை மதிப்பான்?”

“அப்ப மேல தாண்டி வரவா?”

“மாமனார் கட்டின ரிப்பனைக் காலால தாண்டுறதா?”

ஓடை இரைந்தது. கல்மேல் நின்ற சோலைமலைக்குக் கால் வலித்தது. ஊர் அங்கேயே உட்கார்ந்து யோசித்தது. அங்கம்மாளும் யோசித்தாள். யோசனையில் கயிறு கை நழுவியது. கிடா நேராகப் போய் ரிப்பனை முகர்ந்து பார்த்தது, நடுவில் கவ்வி இழுத்தது, அறுத்தது, இரண்டு முழத்தை மென்று விழுங்கியது.

வயிரவன் நோட்டைப் புரட்டி, கிளார்க் சொன்னதை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் ஊரே எழுந்து நின்று கை தட்டியது. மேளம் முழங்கியது. மாப்பிள்ளை முப்பத்தேழாவது வருடம் மாமனார் ஊரில் கால் வைத்தார்.

எண்ணெய் வைத்து, வெந்நீர் ஊற்றி, புது வேட்டி கொடுத்து, வாழையிலை போட்டார்கள். சோலைமலை இலையைப் பார்த்தார். சோறு, சாம்பார், சுரைக்காய்க் கூட்டு. ஓரத்தில் ஒரு அப்பளம்.

“மாமா, கறி எங்க?”

வயிரவன் கண்ணால் காட்டினார். பந்தலின் நடுவில் நாற்காலி போட்டிருந்தது. அதில் பொன்னாடை போர்த்தி, கழுத்து மாலையைக் கால்வாசி தின்றபடி, சிறப்பு விருந்தினர் வீற்றிருந்தார்.

“அந்தக் கிடாயை அடுத்த வருஷமாவது வெட்டுவீங்களா மாமா?”

“மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை,” என்று வயிரவன் பதறிப்போய்க் குனிந்தார். “அடுத்த தேர்தல்ல அவரைத்தான் நிறுத்துறதா ஊர்ல முடிவாயிருக்கு.”