கோடாரிக்கு ஒரு பசு

மஞ்சமலைச் சீமையை ஆண்ட உலகேச ராயர் நல்லவர். யோசனை கேட்டுத்தான் எதையும் செய்வார். யாரிடம் கேட்கிறோம் என்றுதான் பார்க்க மாட்டார்.

ஒரு கோடையில் அரண்மனைக் குளம் வற்றிப்போயிற்று. ராஜா அண்டாவுக்குள் உட்கார்ந்து குளித்தார். தண்ணீர் தொப்புள் வரைக்கும்தான் வந்தது. மலைக்காடு போனால் ஆறு போகும், ஆறு போனால் குளம் போகும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

பிரதானி வெங்கலப்பரைக் கூப்பிட்டுக் கேட்டார். "மரம் வெட்டுகிறதை நிறுத்த என்ன வழி?"

"தண்டித்தால் ஒளிந்து வெட்டுவான், மகாராஜா. ஆசை காட்ட வேண்டும். கோடாரியைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவனுக்கு அரண்மனைத் தொழுவத்திலிருந்து ஒரு கறவைப் பசு."

ராஜாவுக்குத் தேனாய் இனித்தது. தமுக்கு அடித்தார்கள்.

கோடாரி வந்தது. வந்தது என்றால் வண்டி வண்டியாக வந்தது. ஆயுதசாலையில் இடம் போதாமல் குதிரை லாயத்தில் குவித்தார்கள். பிரதானிக்குப் பொன்னாடை போர்த்தினார் ராஜா.

அந்தச் சபையில் கிளியாண்டார் என்று ஒருவர். ராஜாவைச் சிரிக்க வைப்பது அவர் உத்தியோகம். யோசிக்க வைப்பது அவர் கெட்ட பழக்கம். குவியலிலிருந்து ஒரு கோடாரியை எடுத்துப் பார்த்தார். பிடியில் வியர்வைக் கறை இல்லை. வாய் ஒரு சுள்ளியைக்கூடக் கடித்ததில்லை. புத்தம் புதுசு. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலில் ஒருவர் நின்றார். மேல்மலைக் குடிகளின் தலைவர், காரி மூப்பர். செருப்பில்லாத கால், தோளில் தேன் குடுவை.

"சாமி, எங்களுக்குப் பசு கிடையாதாம்."

"கோடாரி கொடுத்தீரா?"

"எங்களுக்கு ஏது கோடாரி? தேன் எடுப்போம், கிழங்கு தோண்டுவோம். பச்சை மரத்தில் இரும்பு படக்கூடாது என்பது எங்கள் குலக் கட்டு. அதைச் சொன்னேன். 'வெட்டாதவனுக்கு வெகுமதி என்ன, போ போ' என்று பிரதானி ஆட்கள் விரட்டிவிட்டார்கள்."

"சரி, இப்போது என்ன அவசரம்?"

"கொல்லர்கள் மலைக்கு வந்திருக்கிறார்கள். உலைக்குக் கரி வேண்டுமாம். ஒரு மரம் கொடு, ஒரு கோடாரி தருகிறோம், அதைக் கொடுத்துப் பசு வாங்கிக்கொள் என்கிறார்கள். கீழ்மலையில் அப்படித்தான் நடந்தது. மலை மொட்டை. ஆனால் வீட்டுக்கு வீடு பால். எங்கள் பெண்கள் கேட்கிறார்கள் சாமி, 'மூப்பா, உன் கட்டைக் கறந்தால் பால் வருமா' என்று. நாளைக்கு ஊர் கூடுகிறது. வேண்டாம் என்கிறவன் நான் ஒருத்தன்தான்."

கிளியாண்டார் எழுந்தார். மேல்மலையில்தான் ஆறு பிறக்கிறது. சீமையில் மிச்சம் இருக்கிற காடும் அதுதான்.

"கீழ்மலையில் எரிந்த அடிமரம் ஒன்று கிடைக்குமா?"

"ஒன்றா? மலையே அதுதான்."

"கொண்டுவாரும்."

மத்தியானம் சபை நடுவே காரி மூப்பரோடு வந்த நாலு பேர் ஒரு கருகிய அடிமரத்தைத் தொப்பென்று போட்டார்கள். ரத்தினக் கம்பளம் முழுக்கக் கரி.

"ஓய் கிளியாண்டார், என்னங்காணும் இது?" என்றார் ராஜா.

"இது தாய், மகாராஜா." புதுக் கோடாரி ஒன்றை அதன்மேல் வைத்தார். "இது பிள்ளை. கோடாரி அடிக்கக் கரி வேண்டும். கரிக்கு மரம் எரிய வேண்டும். வெட்டுகிற கோடாரி அவனவன் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நம்மிடம் வந்ததெல்லாம் பசு வாங்கப் பிறந்த கோடாரி. ஒவ்வொன்றும் பிறக்கும்போதே ஒரு மரத்தைத் தின்றிருக்கிறது."

ராஜா மெதுவாகப் பிரதானியைப் பார்த்தார்.

பிரதானி முந்திக்கொண்டார். "உலைகளை மூடச் சொல்லிவிடுகிறேன், மகாராஜா."

"மூடும்," என்றார் கிளியாண்டார். "அப்படியே இந்த மூப்பர் ஊருக்கும் பசு கொடும். தலைமுறை தலைமுறையாக ஒரு மரம்கூட வெட்டாதவர்கள்."

பிரதானிக்கு உயிர் திரும்பிவிட்டது. "அது எப்படி? வெட்டுகிறவன் நிறுத்தினால் கொடுக்கலாம், நியாயம். இவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. சும்மா இருந்ததற்கு வெகுமதியா? ஊர் சிரிக்கும், மகாராஜா."

"அதுவும் சரிதானே," என்று ராஜா தாடையைச் சொறிந்தார்.

காரி மூப்பர் குடுவையைத் தோளில் மாட்டிக்கொண்டார். இனி மலைக்குப் போய் என்ன சொல்வது என்கிற முகம்.

கிளியாண்டார் சிம்மாசனத்துக்குப் பின்னால் பார்த்தார். அங்கே உருவிய வாளோடு மெய்க்காவலன் நின்றான். பனைமர உயரம். பெயர் இடும்பன்.

"இடும்பா, எத்தனை வருஷமாக இங்கே நிற்கிறாய்?"

"இருபது வருஷமுங்க."

"வாள் கூர்தானே?"

"தினம் தீட்டுறேனுங்க."

"மகாராஜாவின் கழுத்தை ஒரு தடவையாவது வெட்டியிருக்கிறாயா?"

"இல்லீங்க."

"வெட்டப் பார்த்ததாவது உண்டா?"

"இல்லீங்களே."

கிளியாண்டார் பிரதானியிடம் திரும்பினார். "கேட்டீரா? இருபது வருஷமாக ஒன்றும் செய்யாதவன். மாதம் ஒரு மூட்டை அரிசி தண்டம். உமது நியாயப்படி இன்றைக்கே அதை நிறுத்த வேண்டும். முதலில் இவன் வெட்ட ஆரம்பிக்கட்டும். பாதிக் கழுத்தில் நிறுத்தினால் ஒரு பசு கொடுத்துவிடலாம்."

இடும்பன் தலையைச் சாய்த்து யோசித்தான். அவன் வீட்டில் பசு இல்லை.

ராஜாவின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பிறகு வயிற்றுக்கு வந்தது. கிரீடம் சரியச் சரியச் சிரித்தார்.

"மூப்பரே, உமது ஊரில் வீட்டுக்கு ஒரு பசு. அடுத்த கோடையில் மலைக்கு ஆள் அனுப்புவேன். காடு அப்படியே இருந்தால் இன்னொன்று. வருஷா வருஷம் இதே பேச்சு."

"தொழுவம் காலி, மகாராஜா," என்றார் பிரதானி.

"உமது தொழுவம் நிறைந்துதானே இருக்கிறது? அதிலிருந்து ஓட்டும்."

காரி மூப்பர் சொல்லிக்கொள்ளக்கூட நிற்கவில்லை. ஊர் கூடுமுன் மலை ஏற வேண்டும். முதல் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

ராஜா கிளியாண்டாரை அருகில் அழைத்துக் காதில் சொன்னார்:

"இடும்பனுக்கும் ஒன்று ஓட்டிவிடும். இன்றைக்கே."