யானைக் காசில் ஒரு வாள்வெட்டு

வெண்கடம்பூர் ராஜா சேதிராயருக்குப் பழங்காசு என்றால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். எவன் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டி விழுந்தாலும் அரண்மனைச் சேவகன் போய் நிற்பான். வருகிற காசு அசலா போலியா என்று பார்த்துச் சொல்வது நோட்டக்காரர் திருமேனியின் வேலை. ஆள் நல்ல பருமன். முழங்கால் வலி வேறு.

ஒருநாள் பவளமுத்து என்ற வணிகன் சபைக்கு வந்தான். பட்டுத்துணியை அவிழ்த்து, யானை முத்திரை போட்ட பொற்காசு ஒன்றை நீட்டினான்.

"மகாராஜா, இது தங்கள் முப்பாட்டனார் காசு. தும்பிக்கையில் ஒரு வெட்டு தெரிகிறதா? போர்க்களத்தில் எதிரி வாளை வீசினான். முப்பாட்டனார் மடியில் இருந்த இந்தக் காசு அதைத் தடுத்து உயிரைக் காத்தது. உலகத்திலேயே இது ஒன்றுதான்."

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவனுக்கு ஒரு கிராமமும் பல்லக்கு மரியாதையும் கொடுங்கள்" என்றார்.

திருமேனி காசைக் கல்லில் உரசினார். தங்கம் சுத்தம். தராசில் வைத்தார். எடையும் சரி. ஆனால் வெட்டுக்குள்ளே பொடிப்பொடியாகக் குமிழ்கள் இருந்தன.

"மகாராஜா, இது வெட்டு வாங்கின காசு இல்லை. வெட்டோடேயே பிறந்த காசு. உருக்கி அச்சில் ஊற்றியதால்தான் வெட்டுக்குள்ளே குமிழ் விட்டிருக்கிறது."

"என் குலத்தைக் காத்த காசைப் போலி என்கிறீரா? குமிழும் கிமிழும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. சபை கலைவதற்குள் நிரூபித்துக் காட்டும். இல்லையென்றால் இவன் பல்லக்கை நீர்தான் தூக்குவீர்."

திருமேனி குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு பல்லக்கா? எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்று சுற்றிப் பார்த்தார். மந்திரி வேப்பங்காயைக் கடித்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். தளபதி மடியை அழுத்திப் பிடித்திருந்தார். அரண்மனை வைத்தியர் பவளமுத்துவை முறைத்துக்கொண்டிருந்தார். 'உலகத்திலேயே ஒன்று' என்று அவன் சொன்னதிலிருந்து மூவரும் இப்படித்தான்.

அட, சங்கதி இதுதானா என்று திருமேனிக்கு உயிர் வந்தது.

"தோற்றேன் மகாராஜா, காசு அசல்தான். ஆனால் ஒற்றைக் காசைப் பூஜையில் வைத்தால் குலத்துக்கு ஆகாது. இதற்கு ஜோடி கொண்டுவருகிறவருக்கும் ஒரு கிராமம், ஒரு பல்லக்கு என்று சொல்லுங்கள்."

"ஒன்றுதான் என்கிறானே, ஜோடிக்கு எங்கே போவது?"

"சொல்லித்தான் பாருங்களேன். காசா, பணமா?"

ராஜா சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, மந்திரி எழுந்து மடியை அவிழ்த்தார். "அடியேனிடம் ஒன்று உண்டு. போன மாதம்தான் வாங்கினேன்."

"அதைவிட என்னுடையது பளபளப்பு" என்று தளபதி முந்தினார்.

வைத்தியர் மருந்துப் பெட்டியின் அடியைத் துழாவி ஒன்றை எடுத்தார். "ராஜா காதுக்குப் போகக்கூடாது என்று இவன்தான் சொன்னான்."

நாலு காசும் ஒரே தட்டில் கிடந்தன. நாலு யானைக்கும் தும்பிக்கையில் ஒரே இடத்தில் வெட்டு.

பவளமுத்து சட்டென்று நாலு காசையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினான். "முப்பாட்டனார் நாலையும் அடுக்கி வைத்திருந்தார், மகாராஜா."

"அடுக்கியிருந்தால் மேல்காசில் ஆழமும் அடிக்காசில் கீறலும் அல்லவா இருக்கும்?" என்றார் திருமேனி. "நாலும் அச்சுப் பிசகாமல் இருக்கிறதே. எதிரி சண்டைக்கு வந்தானா, முத்திரை குத்த வந்தானா?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "திருமேனி, பல்லக்கு தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். நீரே ஏறிக்கொள்ளும். கிராமமும் உமக்குத்தான். தூக்க ஆள் பாருங்கள்."

திருமேனி முழங்காலைத் தடவிக்கொண்டே பல்லக்கில் ஏறினார்.

"ஆள் எதற்கு மகாராஜா? விற்றவர் ஒருவர், வாங்கியவர் மூவர். ஆக நாலு பேர். நல்லவேளை, தாங்கள் இன்னும் வாங்கவில்லை."