விட்டுப்போன தையல்

சிற்றாற்றங்கரை ஆசிரமத்துக்கு வருமுன் மருதப்பர் நாற்பது வருஷம் தையல்காரர். தம்மைவிடப் பதினோரு வயது இளையவரான தவமணி அம்மையைக் குருவாக ஏற்று மூன்று வருஷம் ஆகிறது.

வருஷம்தோறும் அம்மை நாற்பத்தெட்டு நாள் மௌன நோன்பு இருப்பார். முடிக்கும் காலையில் முதலில் அத்திப்பழம் உண்பது அங்கே வழக்கம். முதல் வருஷம் அம்மை பழத்தைப் பிட்டபோது உள்ளே எள்ளளவு குளவிகள் ஊர்ந்தன. அவர் பழத்தை இலையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மருதப்பருக்கு மனசு ஆறவில்லை. பூச்சியில்லாத பழம் ஒன்றாவது அம்மைக்குக் கொடுத்தே தீர்வது என்று தீர்மானித்தார்.

இந்த வருஷம் நோன்பு தொடங்கிய அன்றே மெல்லிய மல் துணி வாங்கினார். அத்தி அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்க்கும். கொத்துக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு பை தைத்து, பிஞ்சிலேயே மூடி, வாயை இறுக்கிக் கட்டினார். பார்த்த அம்மையால் பேச முடியாது. சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

நோன்பு முடியும் காலையில் பைகளை அவிழ்த்தார். முதல் பையில் காய்கள் சுருங்கி உதிர்ந்து கிடந்தன. இரண்டாவதிலும் அப்படியே. போகப் போகக் கை ஓய்ந்துவிட்டது. தம் துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு, மௌனம் கலைத்திருந்த அம்மை முன் போய் நின்றார்.

“எங்கே பயணம்?”

“ஊருக்கு அம்மா. துணி போர்த்தி மரத்தின் மூச்சை அடைத்துவிட்டேன். எனக்கு இந்த இடம் சரிப்படாது.”

“எத்தனை பை கட்டினீர்?”

“நாற்பத்திரண்டு.”

“அவிழ்த்தது?”

“நாற்பத்தொன்று.”

“தையல்காரர் அளவில் ஒன்று குறைகிறதே.”

இருவரும் மரத்தடிக்குப் போனார்கள். கடைசிப் பையை அவிழ்த்தார். நான்கு பழம், செக்கச்செவேல் என்று.

“இதுவும் அதே துணிதானே அம்மா?”

“பையைத் திருப்பிப் பாரும்.”

திருப்பினார். அடியில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. மருதப்பர் தலையைக் குனிந்துகொண்டார். “நாற்பது வருஷத்தில் இப்படி ஒரு தையல் விட்டதில்லை.”

அம்மை ஒரு பழத்தைப் பிட்டு இலையில் வைத்தார். குளவி ஒன்று வெளியே வந்து, மருதப்பரின் கட்டைவிரலில் ஏறி, சிறகை உலர்த்திக்கொண்டு அக்கரை அத்தியைப் பார்த்துப் பறந்தது.

மருதப்பர் பையில் தையல் விட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“அது நுழையாவிட்டால் பழுக்காதா?”

“நாற்பத்தொரு பையைக் கேளும்.”

“அப்படியானால் முதல் வருஷம் ஏன் பழத்தை ஒதுக்கினீர்கள்?”

“ஒதுக்கவில்லையே. அவை கிளம்பட்டும் என்று காத்திருந்தேன். கண் திறந்தால் இலையில் வெல்லம் இருந்தது. பழத்தை நீர் தூக்கி எறிந்திருந்தீர்.”

“சொல்லியிருக்கலாமே அம்மா.”

“ஆசையாக வைத்த வெல்லம். தின்றுவிட்டேன்.”

மருதப்பருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தோளில் மூட்டை இன்னும் தொங்கியது.

அம்மை இலைக்கு அருகே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

“அதை இறக்கி வைத்துவிட்டு உட்காரும். இன்னும் ஏழெட்டுப் பேர் கிளம்ப வேண்டும். அப்புறம் நாம் சாப்பிடலாம்.”